இருபத்திரண்டு வருடம் ஊறிய எழுத்து

மருத்துவமனையின் திசு ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் மெழுகம்மா என்றே கூப்பிட்டார்கள். அறுவை அரங்கிலிருந்து வரும் சதைத் துண்டுகளை மெழுகுக் கட்டிகளுக்குள் பதித்துக் கொடுப்பது அவள் வேலை. சேர்ந்தது பாட்டில் கழுவுகிறவளாக. கழுவிக்கொண்டே பக்கத்து மேஜையைப் பார்த்தாள். மூன்றாம் வருடம் மெழுகு மேஜைக்காரர் நீண்ட விடுப்பில் போனபோது, இரண்டு நாள் மட்டும் என்று சொல்லி அவளை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். முப்பது வருடமாக அந்த இரண்டு நாள் முடியவில்லை.

துண்டு ஃபார்மலின் ஊற்றிய ஜாடியில் வரும். அதில் ஒரு நாள் ஊற வேண்டும். குறைந்தால் நடுப்பகுதி பச்சையாகவே நின்று அழுகும். கூடினால் இறுகிப் போய்ச் சாயம் ஏற மறுக்கும். இரண்டு நாளைத் தாண்டவே கூடாது. பிறகு பிளேடால் நாணயத் தடிமனுக்கு நறுக்கி, சாராயத்தில் போட்டுத் தண்ணீரை வெளியேற்றி, உருகிய மெழுகை உள்ளே ஏற்றிக் கட்டியாக்க வேண்டும். ஜாடி வந்த நேரத்தை அவள் பென்சிலால் எழுதி ஒட்டுவாள். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும், பென்சில் கரையாது.

அவசரம் என்று யார் வந்து நின்றாலும் அவளிடம் நடக்காது.

"மெழுகம்மா, இன்னிக்கே வேணும்னு டாக்டர் சொல்றார்."

"அரை வேக்காட்டுல இறக்கி வெச்சா உங்க டாக்டர் சாப்பிடுவாரா? நாளைக்குப் பதினொண்ணு இருபதுக்கு வா."

"பதினொண்ணுக்கு?"

"பதினொண்ணு இருபது. காது மந்தமா உனக்கு?"

அடுத்த மேஜையில் உட்கார்ந்து அவள் கட்டிகளை மயிரிழையிலும் மெல்லிய தாள்களாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுகிறவருக்குச் சீவல் என்று பெயர். அவளைவிட ஐந்து வயது மூத்தவர், அதனால் சீவல் அண்ணன். "உன்கிட்ட மாட்டினா எமனே டோக்கன் வாங்கிட்டுத்தான் உக்காரணும்" என்பார்.

அந்தக் கூடத்தில் எங்கும் எழுதி வைக்காத ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரர் யாருடைய துண்டாவது வந்தால் அதைத் தொடக்கூடாது, அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட வேண்டும். சீவல் அண்ணனின் மாமனார் வயிற்றிலிருந்து ஒன்று வந்தபோது அவர் பேசாமல் எழுந்து வெளியே போனார். வேறொருவர் சீவினார். எல்லோரும் கடைப்பிடித்தார்கள். மெழுகம்மா ஒரே ஒருமுறை கடைப்பிடிக்கவில்லை.

அவளுக்கு மகள் பிறந்து மூன்று வருடம் கழித்து ஒரு மகன் பிறந்தான். பால் குடிக்கும்போதே மூச்சு வாங்குவான். நாலு வாய் குடிப்பான், களைத்து விட்டுவிடுவான், மறுபடி நாலு வாய். பதினொரு மாதம் இருந்தான். இதயம் ஏன் நின்றது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் அப்போதைய தலைமை மருத்துவர். அவளும் அவள் கணவரும் கையெழுத்துப் போட்டார்கள். நான்காம் நாள் அவள் வேலைக்கு வந்தாள். மேஜையில் ஜாடி இருந்தது. உள்ளே சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு.

சீவல் அண்ணன் கையை நீட்டினார். "கொடும்மா. நான் பார்த்துக்கறேன்."

"வேண்டாம்ணா. நானே பண்றேன்."

"பண்ணக் கூடாதும்மா."

"தெரியும். என் பிள்ளைக்கு நான் பண்றேன்."

மறுநாள் நேரம் வந்ததும் மூடியைத் திறந்தாள். அடுத்து நறுக்க வேண்டும். பிளேடை எடுத்தாள், வைத்தாள். நாளைக்கு என்று மூடியைத் திருகினாள். அடுத்த நாளும் அதையே செய்தாள். தலைமை மருத்துவர் இரண்டு மாதம் பொறுத்தார். அவளிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. காய்ச்சலில் இதயம் தளர்ந்தது என்று அறிக்கையை அவராகவே எழுதி முடித்து, அந்த வருடமே ஓய்வு பெற்றுப் போனார்.

ஜாடி அவளுடைய அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போயிற்று. திரவம் ஆவியாகும், துண்டு காய்ந்துவிடும் என்பதால் வருடம் ஒருமுறை, அது வந்த தேதியில், ஃபார்மலினை மாற்றினாள். அந்தத் தேதி சீவல் அண்ணனுக்கும் தெரியும். அன்று மட்டும் டீ குடிக்கப் போனவர் ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரும்புவார். ஃபார்மலினில் இருப்பது கெடாது என்று அவள் நம்பினாள். கல்லூரி அருங்காட்சியகத்தில் அவள் பிறப்பதற்கு முன்பே ஜாடிக்குள் போன உறுப்புகள் அப்படியே நிற்பதைப் பார்த்திருக்கிறாள். மெழுகுக்குப் போனால் சீவிவிடுவார்கள். ஜாடிக்குள் முழுசாக இருக்கிறான். அவள் கணக்கு அவ்வளவுதான்.

கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. மகளைப் படிக்கவைத்து, லிஃப்ட் பழுது பார்க்கும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தாள். மகள் ஐந்தாவது மாதம் சுமக்கும்போது, தம்பி சின்னதிலேயே இதய நோயில் போய்விட்டான் என்று பரிசோதனையில் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கிறாள். அங்கேதான் ஆரம்பித்தது. ரத்தம் எடுத்தார்கள். பிறகு பனிக்குட நீர் எடுத்தார்கள். மெழுகம்மாவின் ரத்தத்தையும் கேட்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று பேரையும் மரபணுப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள். அது மெழுகம்மா வேலை செய்யும் கட்டடத்தின் நாலாவது மாடி. அவள் அங்கே ஏறிப் போனதே இல்லை.

அந்த மருத்துவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வந்த கொஞ்ச நேரத்திலேயே மருமகன் அவருக்கு எழுத்து டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார், ஏனென்றால் அவர் வாயைத் திறந்தால் எழுத்து என்றுதான் சொன்னார்.

"டி.என்.ஏ.ல நாலு காரம் இருக்கு. அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின். நாலு எழுத்துன்னு வெச்சுக்கோங்க. இந்த நாலை மட்டும் வெச்சு முந்நூறு கோடி எழுத்து நீளத்துக்கு உடம்பு எழுதியிருக்கு. உங்க மனைவிக்கு அதுல ஒரு இடத்துல சைட்டோசினுக்குப் பதிலா தைமின் இருக்கு."

"முந்நூறு கோடில ஒண்ணா?" என்றார் மருமகன். "மேடம், நான் எழுதற லீவு லெட்டர்ல இதைவிட ஜாஸ்தி தப்பு இருக்கும்."

மகள் அவர் தொடையில் கிள்ளினாள். டாக்டர் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"நிறைய எழுத்து மாறினாலும் ஒண்ணும் ஆகாது. சிலது மாறினா ஆபத்து. இது இதயத் தசைக்கான மரபணு. இந்த இடத்துல இந்த மாற்றத்தை இதுக்கு முன்னாடி யாரும் பார்த்ததில்லை. கெட்டதா, சாதாரணமா, எங்களுக்குத் தெரியலை. பொண்ணுங்களுக்கு இந்த மரபணு ரெண்டு பிரதி. ஒண்ணு பழுதானா இன்னொண்ணு பார்த்துக்கும். அதனால அம்மாவுக்கும் உங்களுக்கும் இந்த மாற்றம் இருந்தும் நல்லா இருக்கீங்க. ஆம்பளைப் பிள்ளைக்கு ஒரே பிரதிதான்."

"எங்களுக்கு?" என்றாள் மகள். வயிற்றின் மேல் கை இருந்தது.

"ஆணா பொண்ணான்னு சாதாரணமா நாங்க சொல்லக் கூடாது, இதுல சொல்லாம வழியில்லை. ஆண் குழந்தை. அவனுக்கும் தைமின்தான் இருக்கு."

அது கெட்ட மாற்றமாக இருந்தால் இவனும் பதினொரு மாதம் இருப்பான், அல்லது அதற்கும் குறைவாக. சாதாரணமானதாக இருந்தால் இவனுக்கு எதுவுமே இல்லை. வேறு சோதனை கிடையாது. முடிவெடுக்கச் சட்டம் விட்டு வைத்திருந்தது நாலு வாரம்.

"உங்க குடும்பத்துல வேற ஆம்பளைங்க?" என்று டாக்டர் மெழுகம்மாவிடம் கேட்டார். அவள் ஒற்றைப் பிள்ளை. அப்பா எப்போதோ போய்விட்டார்.

"இறந்துபோன குழந்தையோடது ஏதாவது இருந்தா போதும். அவனுக்கு அந்த இடத்துல சைட்டோசின் இருந்துதுன்னா, இந்த மாற்றத்துக்கும் அவன் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. நாம நிம்மதியா இருக்கலாம். தைமின் இருந்துதுன்னா..."

"இருக்கு" என்றாள் மெழுகம்மா. "அவன் இதயம் என்கிட்ட இருக்கு. கீழ, என் அலமாரில."

மகள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. "அம்மா..." என்றாள். எழுந்து வந்து, பெரிய வயிற்றோடு குனிந்து, அம்மாவின் தலையைக் கட்டிக்கொண்டாள். "இத்தனை வருஷமா வெச்சிருக்கியாம்மா? எங்கம்மாவைப் பார்த்தீங்களா டாக்டர்?"

மருமகன்கூடக் கண்ணைத் துடைத்தார். மெழுகம்மாவுக்கு இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த ஜாடி ஒரு குற்றமாகத் தோன்றவில்லை. தன்னை அறியாமல் இதற்காகத்தான் வைத்திருந்தோம் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"மெழுகுக் கட்டியா வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல. ஃபார்மலின்ல."

"எத்தனை நாள் ஃபார்மலின்ல இருந்துது?"

"இருபத்திரண்டு வருஷம்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்தார். பேனா நின்றது. திசுக்கூடத்துக்காரி இதைச் சொல்கிறாளே என்று அவர் முகத்தில் ஒன்று வந்து போனதை மெழுகம்மா மட்டும் பார்த்தாள்.

"முயற்சி பண்ணிப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

அன்று மத்தியானமே ஜாடியை மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு படிவம் நீட்டினார்கள். துண்டு முழுவதையும் கரைத்தால்தான் ஏதாவது கிடைக்க வாய்ப்பு என்று அதில் இருந்தது.

"கொஞ்சம் மிச்சம் வைக்க முடியுமா டாக்டர்? ஒரு ஓரமா, ஊசி முனை அளவுக்கு?"

"முடியாதும்மா. இதுவே போதுமான்னு தெரியலை."

கையெழுத்துப் போட்டாள். கீழே வந்ததும் சீவல் அண்ணன் அலமாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பேரனுக்காக அவன் மாமன் போயிருக்கான்ணா" என்றாள்.

"நல்ல மாமன்தான்" என்றார் அவர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போ, அடுத்த வருஷம் நான் டீ குடிக்கப் போற சாக்கும் போச்சு" என்றார்.

பத்து நாள் ஆயிற்று. மகள் தினமும் மாலை போன் செய்தாள். உதைக்கிறான் என்பாள். லிஃப்ட்காரருக்குப் பிறக்கிறவன் மேலும் கீழும் போய்க்கொண்டுதான் இருப்பான் என்று பின்னால் மருமகன் குரல் கேட்கும். சைட்டோசின் என்ற வார்த்தை அந்த வீட்டில் பழகிப்போயிற்று. "சைட்டோசினா இருக்கணும்மா" என்று சொல்லித்தான் மகள் போனை வைப்பாள்.

முடிவைச் சொல்ல டாக்டர் முதலில் மெழுகம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார். இதே கட்டடத்தில் வேலை செய்கிறவள் என்ற மரியாதையில். திரையில் நான்கு நிறங்களில் மலைத்தொடர் மாதிரிக் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. டாக்டர் ஒரு சிவப்பு முகட்டைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதான் அந்த இடம். நீலம்னா சைட்டோசின். சிவப்பு தைமின்."

"சிவப்பு" என்றாள் மெழுகம்மா. "அப்போ என் பேரன்..."

"இருங்கம்மா. இங்க பாருங்க. இது வேற இடம், உலகத்துல எல்லாருக்கும் இங்க சைட்டோசின்தான். எலிக்கும் கோழிக்கும்கூட. இங்கயும் சிவப்பு. இதோ இன்னொண்ணு, இங்கயும் சிவப்பு. இப்படி முப்பத்தொரு இடம்."

அவளுக்குப் புரியவில்லை. டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார். சைட்டோசின் நிலையான பொருள் இல்லை. ஈரத்தில் இருந்தால் அதன் விளிம்பிலிருந்து ஒரு சிறு பகுதி கழன்று போகும். கழன்றதும் அது சைட்டோசின் இல்லை, யுராசில் ஆகிவிடும். யுராசில் ஆர்.என்.ஏ.யில் இருக்க வேண்டிய காரம். டி.என்.ஏ.யில் அதற்கு இடமே கிடையாது. உயிரோடிருக்கும் உடம்பில் இது ஒவ்வொரு உயிரணுவிலும் தினமும் நூறு தடவையாவது நடக்கிறது. நடந்த உடனே கண்டுபிடித்து, யுராசிலைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி சைட்டோசினை வைக்க உடம்பில் ஆள் இருக்கிறது.

"செத்த உடம்புல அந்த ஆள் இல்லம்மா. ஃபார்மலின்ல ஊற ஊற ஒவ்வொண்ணா மாறிட்டே போகும். தைமின்ங்கறது தலையில ஒரு சின்னத் தொப்பி வெச்ச யுராசில்தான். மெஷினுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. யுராசிலையும் தைமின்னு படிச்சுடும்."

"அப்போ இந்தச் சிவப்பு..."

"அவன் பொறந்தப்பவே இருந்த தைமினா இருக்கலாம். சைட்டோசினா இருந்து ஜாடில மாறினதா இருக்கலாம். யுராசிலை மட்டும் வெட்டி எடுக்கற நொதி ஒண்ணு இருக்கு. போட்டுப் பார்த்தேன். எல்லாம் பொடிப்பொடியாப் போயிடுச்சு. படிக்க ஒண்ணும் மிஞ்சலை."

மெழுகம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, தொழில் தெரிந்தவள் வேலையைப் பற்றிக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஒரு நாள் ஊறவெச்சு மெழுகுக்குப் போயிருந்தா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொல்லுங்க டாக்டர். எனக்குத் தெரிஞ்சாகணும்."

"பெரும்பாலும் படிச்சிருக்கலாம்மா."

புறப்படும்போது டாக்டர் ஜாடியைத் திருப்பிக் கொடுத்தார். நல்லெண்ணத்தில் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து வைத்திருந்தார். பென்சிலில் எழுதிய சீட்டும் அதோடு போயிருந்தது. மெழுகம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நாலு மாடியும் படியிலேயே இறங்கினாள்.

அன்று மாலை மகள் வீட்டுக்குப் போகிற பேருந்தில் பொய்யை இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தாள். சைட்டோசின் என்று சொல்லிவிடலாம். மகள் சிரிப்பாள், தூங்குவாள். பதினொரு மாதம் கழித்து அந்தச் சிரிப்பு எங்கே போய் நிற்கும்? தைமின் என்று சொல்லிவிடலாம். அப்படியானால், ஒரு குறையும் இல்லாத பிள்ளையைத் தன் வாயால் கொன்றவளாகலாம். எதைச் சொன்னாலும் மகள் நம்புவாள், அதுதான் பயமாக இருந்தது. பேருந்து நின்றதும் இறங்கினாள். பொய் பேருந்திலேயே போயிற்று.

எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ஜாடி வந்த நாள், சீவல் அண்ணன் நீட்டிய கை, நறுக்க முடியாமல் மூடிய மூடி, யுராசில். மருமகன் சுவரோரம் நின்று கேட்டார்.

மகள் கேட்டாள். "ஊர்ல இருக்கறவங்க எல்லார் துண்டையும் நிமிஷக் கணக்குப் பார்த்து எடுப்பியேம்மா. பதினொண்ணு இருபதுன்னா பதினொண்ணு இருபது. தம்பியோடதை மட்டும் ஏம்மா விட்டே?"

"கத்தி வைக்க மனசு வரலைடி."

"சீவல் மாமா கேட்டாரே. கொடுத்திருக்கலாமே."

"கொடுத்திருக்கலாம்."

"போனது யாரோடது தெரியுமா? தம்பியோடது இல்ல. இவனோடது." வயிற்றைத் தொடவில்லை, கண்ணால்தான் காட்டினாள்.

"ஏய், விடு" என்றார் மருமகன்.

"நீங்க சும்மா இருங்க. அம்மா, நீ ஒரு வார்த்தை சொல்லு. உனக்கு என்ன தோணுது? அவனுக்கு என்ன எழுத்து இருந்திருக்கும்? நீ சொல்றதை நான் நம்பறேன்."

"தெரியலைடி" என்றாள் மெழுகம்மா. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த பதினொரு நாள் அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை மருமகன் வந்து ஆய்வுக்கூட வாசலில் நின்றார். உள்ளே வரத் தயங்கினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"முடிவு பண்ணிட்டோம் அத்தை. நாளைக்குச் சேர்க்கறோம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னா." அவர் தரையைப் பார்த்தார். "தம்பி பால் குடிக்கறப்ப மூச்சு வாங்கற சத்தம் ஒண்ணுதான் அவளுக்கு அந்த வயசுலேர்ந்து ஞாபகம் இருக்காம். முகம்கூட ஞாபகம் இல்லையாம். அதை இன்னொரு தடவை கேக்க முடியாதுன்னா."

"நான் வரட்டுமா மாப்பிள்ளை? பக்கத்துல இருக்கட்டுமா?"

"இப்ப வேண்டாம் அத்தை" என்றார். அதைச் சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்து அவள் மேலே கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் இரண்டு பத்துக்கு ஜாடி வந்தது. கொண்டுவந்த பணியாளருக்கு யார் என்று தெரியாது. வழக்கம்போல மெழுகம்மாவின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். சீட்டில் மகளின் பெயரும் கர்ப்பத்தின் வாரக் கணக்கும், கருவின் இதயம் என்ற குறிப்பும் இருந்தன. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சீவல் அண்ணன் எழுந்து வந்து ஒன்றும் கேட்காமல் ஜாடியைத் தன் மேஜைக்கு எடுத்துப் போனார். பென்சிலால் நேரம் எழுதினார். அவர் எழுத்து கோணலாக இருந்தது.

மறுநாள் அவள் வேறு பதினாறு ஜாடிகளைப் பார்த்தாள். எதிலும் பிசகவில்லை. இரண்டு மணியிலிருந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீவல் அண்ணன் வேண்டுமென்றே எதையோ துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அண்ணா, ரெண்டு பத்து."

"ம்."

"எடுத்துடுங்கண்ணா. தாண்டக் கூடாது."

அவர் பிளேடை எடுத்தார். அவள் திரும்பிக்கொள்ளவில்லை. முழுவதையும் பார்த்தாள்.

அறிக்கை வெள்ளிக்கிழமை வந்தது. இதயத் தசை வயதுக்கேற்ற வளர்ச்சியோடு இருக்கிறது, குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை வாரக் கருவில் நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித்தான் தெரியும் என்று நாலாவது மாடியிலிருந்து டாக்டர் போனில் சொன்னார். கட்டி சரியான நேரத்தில் செய்யப்பட்டிருப்பதாகவும், இன்னும் இருபது வருடம் கழித்துப் படித்தாலும் எழுத்துகள் தெளிவாக இருக்கும் என்றும் ஆறுதலுக்காகச் சொன்னார். அதில் படிக்க என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. அந்த இடத்தில் தைமின் இருக்கும். அது அவர்கள் எல்லோருக்கும் அன்றைக்கே தெரியும்.

கட்டியைச் சீவல் அண்ணன் இழுப்பறையில் எண் வரிசைப்படி அடுக்கினார். கழுவிய ஜாடி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. அடுத்த வருடம் அதே தேதியில் சீவல் அண்ணன் பழக்கதோஷத்தில் எழுந்து டீ குடிக்கப் போனார். பாதி வழியில் ஞாபகம் வந்து திரும்பினார். மெழுகம்மா அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கையில் ஒன்றும் இல்லாமல், அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.